முத்துலெச்சுமியின் நாற்பது நிமிடம்

1. பெட்டி வந்த காலை

அந்த மெஷின் வந்த காலையில் பதுளை ஆஸ்பத்திரியில் எங்கள் நியூரோ ஐசியுவில் ஆறு கட்டிலுக்கு மூன்று நர்ஸ்மார் இருந்தோம். நான்காவதாக ஓர் ஆளைக் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்துப்போயிருந்தது. ஆள் வரவில்லை. ஆள் உயரத்தில் ஒரு பெட்டி வந்தது. சில மாதங்கள் வைத்துப் பாருங்கள், பிடித்திருந்தால் பேசலாம் என்று கொழும்புக் கம்பெனி ஒன்று அனுப்பியிருந்தது.

பெரியவர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். வெளிச் செருப்போடு உள்ளே வந்தவர்களை நான் வெளியே போகச் சொன்னேன். அதனால் அந்தப் போட்டோ ஒன்றிலும் நான் இல்லை.

அப்போது எனக்கு ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தது. இப்போது பென்ஷன் எடுத்துக்கொண்டு ஹாலிஎலயில் வீட்டில் இருக்கிறேன். நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இதில் ஒரு தவறு வருகிறது. அது மெஷினின் தவறு இல்லை, டொக்டரின் தவறும் இல்லை. என்னுடையது.

மெஷின் என்ன செய்யும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மூளையில் ஒரு ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கி வெடித்தால், மண்டையைத் திறந்து அந்த வீக்கத்தின் கழுத்தில் ஒரு கிளிப் போடுவார்கள். ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வீட்டுக்காரர்கள் கோயிலில் தேங்காய் உடைப்பார்கள். உண்மையான பயம் அதற்குப் பிறகுதான். கசிந்த ரத்தம் பக்கத்துக் குழாய்களை உறுத்திக்கொண்டே இருக்கும். நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரைக்கும் ஏதாவது ஒரு குழாய் சுருங்கலாம். சுருங்கினால் அந்தக் குழாய் ஊட்டுகிற பகுதி காய்ந்துபோகும். கை போகும், பேச்சுப் போகும், சில நேரம் ஆளே போய்விடுவார்.

குழாய் சுருங்கும்போது அதற்குள் ரத்தம் வேகமாக ஓடும். தண்ணீர் பைப்பின் வாயை விரலால் பாதி பொத்தினால் சீறுமே, அதே கதைதான். அந்த வேகத்தைக் காதுக்கு முன்னால், பொட்டு எலும்பு வழியாக, சத்த அலையை அனுப்பி அளக்கலாம். எண் ஏறினால் குழாய் சுருங்குகிறது என்று அர்த்தம்.

முன்பெல்லாம் ஒரு டொக்டர் காதில் ஹெட்போனை மாட்டி, பேனா மாதிரி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பொட்டில் வைத்துத் தேடுவார். குழாயைப் பிடிக்கவே இருபது நிமிடம் போகும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, திங்கள் முதல் வெள்ளி வரை.

“சனி ஞாயிறு மூளைக் குழாய்க்கு லீவா டொக்டர்?” என்று கேட்டிருக்கிறேன்.

“லீவு எனக்குத்தான் மிஸ். குழாய்க்கு யாரு குடுப்பா?” என்பார். நல்ல மனிதர். இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் இடத்துக்கும் ஆள் வரவில்லை.

பெட்டியோடு வந்த இன்ஜினியர் ரமீஸ், பண்டாரவளைக்காரர். நாற்பது வயதிருக்கும். அவருடைய வாப்பாவுக்கு அங்கே துணிக்கடை. தலையைச் சுற்றி மாட்டுகிற ஒரு பட்டையை எடுத்துக் காட்டினார். இரண்டு பொட்டுக்கும் இரண்டு கிண்ணம். கிண்ணத்துக்குள் சின்ன மோட்டார் வைத்த கருவி. அதுவே அசைந்து அசைந்து குழாயைத் தேடும்.

“இது ரோபோ மிஸ். நீங்க தலையில மாட்டிவிட்டாப் போதும். அதுவே தேடும், அதுவே பிடிக்கும். விட்டுப்போச்சுன்னா திரும்ப அதுவே தேடும்.”

“சோறு ஊட்டுமா?”

“இல்ல மிஸ்.”

“மூத்திரப் பை மாத்துமா?”

“இல்ல மிஸ்.”

“அப்ப இது வந்துருச்சு, இனி ஆள் எதுக்குன்னு மேல இருக்கிறவங்க யாரும் கேக்க மாட்டாங்கல்ல?”

“நான் வெறும் இன்ஜினியர் மிஸ். என்னய விட்டுருங்க.”

அன்று மாட்டிப் பார்த்தபோது முதல் தடவையாக அந்தச் சத்தத்தைக் கேட்டேன். நிரம்பிய சாக்கு ஒன்றை சீமெந்துத் தரையில் யாரோ இழுத்து இழுத்துப் போகிற மாதிரி. இதயம் துடிக்கிற கணக்கில் ஒவ்வொரு இழுப்பு. ஓர் ஆளின் மண்டைக்குள் ரத்தம் போகிற சத்தம். முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தும் அதை நான் கேட்டதில்லை. திட்டுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். இப்போதும் சில நாள் மத்தியானம் வீடு அமைதியாக இருக்கும்போது அந்தச் சத்தத்துக்குக் காது ஏங்குகிறது.

2. ஆறாம் கட்டில்

முத்துலெச்சுமி வந்தது அதற்கு இரண்டாவது வாரம். ஐம்பத்து நாலு வயது. ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் விழுந்துவிட்டாள். ஈரக் கொழுந்து என்று சொல்லி எடையில் குறைத்த கணக்கப்பிள்ளையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் தலை வெடித்திருக்கிறது. வழக்கம்போல லயத்து வீட்டில் தைலம் தேய்த்து, துணியால் தலையை இறுக்கிக் கட்டி, ஒரு மணித்தியாலத்தை வீணாக்கிவிட்டுத் தோட்டத்து லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். லொறியில் தூக்கிப் போடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆத்திரம் ஆறவே இல்லை. கொழுந்து போகிற வண்டியும் ஆள் போகிற வண்டியும் ஒன்றா?

கூட வந்தது மகள் ஜெயந்தி. அவள் அழவில்லை. ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“பாதி பேச்சுல விழுந்துருச்சுங்க மிஸ். எங்கம்மா பேச்ச பாதியில நிப்பாட்டி நான் பாத்ததே இல்ல.”

“வாய்க்காரியா?”

“எங்க தோட்டத்துல சங்கத் தலைவர் இருக்காருங்க. தலைவருக்கு வாய் இல்ல. பொம்பளைங்களுக்கு எதுன்னாலும் அம்மாதான் முன்னாடி நின்னு பேசும். தொர கிட்டயும் பேசும்.”

வெடித்தது இடது பக்கக் குழாய். அந்தப் பக்கம்தான் பேச்சும் வலது கையும். ஒப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போடும்போது ஜெயந்தி சர்ஜன் சேரிடம் கேட்கச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: அம்மா பேசுமா? நான் சிங்களத்தில் கேட்டேன். அவர் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

“உயிரைப் பற்றி இன்றைக்குச் சொல்கிறேன். பேச்சைப் பற்றி இரண்டு வாரம் கழித்துக் கேட்கச் சொல்லுங்கள்.”

ஒப்பரேஷன் நன்றாக முடிந்தது. இரண்டாம் நாள் காலையில் டொக்டர் நிலூகா வந்து பார்த்தார். எங்கள் ஐசியு டொக்டர். சின்ன வயது, வேலையில் கெட்டி. முத்துலெச்சுமியிடம் சிங்களத்தில் பெயர் கேட்டார், இடம் கேட்டார், கிழமை கேட்டார். முத்துலெச்சுமி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டொக்டர் டிக்கட்டில், அதுதான் நோயாளியின் குறிப்புத் தாளில், ‘குழப்பம்’ என்று எழுதப் போனார்.

“எழுதாதீங்க டொக்டர்” என்றேன். “இது குழப்பமில்லை. இது சிங்களம்.”

நான் குனிந்து கேட்டேன். “தங்கச்சி, இது எந்த எடம்?”

முத்துலெச்சுமி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். “பதுள ஆஸ்பத்திரி. வேற எங்க இம்புட்டு நாறும்?”

மொழி தெரியாததை மூளைக் கோளாறு என்று எழுதிய டிக்கட்டுகளை என் காலத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். டொக்டர் நிலூகாவுக்கு அன்று முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவர் கோபிக்கவில்லை. கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, ஐந்து கேள்விகளைத் தமிழில் சொல்லச் சொல்லி, சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார். அந்த அட்டையைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். அப்படிப்பட்டவர்கள் இருந்ததால்தான் நான் அந்த வார்ட்டில் கடைசிவரை இருந்தேன்.

3. கூடை

மூன்றாம் நாள் முத்துலெச்சுமியின் தலையில் பட்டையை மாட்டினோம். நெற்றியைச் சுற்றி ஒரு வார், அது நழுவாமலிருக்க உச்சந்தலைக்கு மேலே ஒரு வார்.

மாட்டினதும் மெஷின் தேடியது. பிடித்தது. அரை நிமிடத்தில் விட்டது. திரும்பத் தேடியது. திரும்ப விட்டது. விடும்போதெல்லாம் அலாரம் கத்தியது. ஒவ்வொரு தடவையும் டொக்டர் நிலூகாவைக் கூப்பிட்டோம். பத்து மணிக்குள் நாலு தடவை. நாலாவது தடவை அவர் வாயில் பாதி மென்ற பாணோடு ஓடிவந்தார்.

ரமீஸைப் போனில் பிடித்து வீடியோவில் காட்டினோம்.

“பேஷன்ட் அசையிறாங்க மிஸ். லேசா மயக்க மருந்து குடுத்தீங்கன்னா சரியாயிரும்.”

“சரியாயிரும். அப்புறம் அவ பேசுறாளா இல்லையான்னு நான் யாரக் கேக்குறது? உங்களயா?”

டொக்டரும் மருந்து வேண்டாம் என்றார். தூங்க வைத்துவிட்டால் கை அசைகிறதா, பேச்சு வருகிறதா என்று பார்க்க முடியாது. சுருக்கம் வந்தாலும் தெரியாது.

நான் கட்டில் பக்கத்தில் நின்று பார்த்தேன். மெஷினைப் பார்க்கவில்லை, முத்துலெச்சுமியைப் பார்த்தேன். பாதித் தூக்கத்தில் இருந்தாள். உச்சந்தலை வார் இறுகும்போது முகவாய் நெஞ்சுக்கு இறங்கியது. கழுத்து விறைத்தது. பல்லைக் கடித்தாள். பொட்டுத் தசை புடைத்துக் கிண்ணத்தைத் தள்ளியது. சிக்னல் போனது. பிறகு அவளுடைய இரண்டு கையும் போர்வைக்கு மேலே எழுந்தன. விரல்கள் காற்றில் கிள்ளின. கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டன.

“வலிப்பா?” என்றார் டொக்டர்.

“இல்லை டொக்டர். வேலை செய்கிறாள்.”

கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில்தான் தங்கும். பாரம் முழுதும் கழுத்தில். ஏற்றத்தில் போகும்போது பல்லைக் கடிக்காமல் முடியாது. என் அம்மாவும் கொழுந்து பறித்தவர். அந்தக் கழுத்து எனக்குத் தெரியும். நாற்பது வருடம் கயிறு தாங்கின தலையில் கம்பெனிக்காரன் ஒரு வாரை இழுத்துக் கட்டினால் அந்தத் தலை என்ன நினைக்கும்?

நான் அவள் காதுக்குப் பக்கத்தில் போனேன்.

“தங்கச்சி, கூடய எறக்கியாச்சு. நிறுத்தாச்சு.”

விரல்கள் நின்றன. கண் லேசாகத் திறந்தது. “எத்தன கிலோ?”

“பதினெட்டு.”

“பொய். இருவதுக்குக் கொறயாது. திரும்ப நிறு.”

“சரி, இருவது.”

அவளுக்குத் திருப்தி. கழுத்து தலையணையில் சாய்ந்தது. தாடை தளர்ந்தது. மெஷின் தேடியது, பிடித்தது. சாக்கு இழுக்கிற சத்தம் சுத்தமாக வந்தது. உச்சந்தலை வாரைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் பிளாஸ்டர் போட்டுப் பட்டையை நிறுத்தினோம். ரமீஸ் அதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். கம்பெனிப் புத்தகத்தில் அப்படி ஒரு நோயாளி இல்லையாம்.

அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. தேநீர் நேரத்தில் எல்லோரிடமும் சொன்னேன். வேறு வார்ட் நர்ஸ்மாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். டொக்டர் நிலூகாவிடம், “இனி ஆறாம் கட்டில் மெஷின் கத்தினால் ஓடிவர வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். களைத்துப்போயிருந்த அந்தப் பிள்ளை சந்தோஷமாகத் தலையாட்டியது.

சர்ஜன் சேர் டிக்கட்டில் தெளிவாக எழுதியிருந்தார்: இடது பக்க எண் நூற்றைம்பதைத் தாண்டினால் உடனே கூப்பிட வேண்டும்.

4. பன்னிரண்டு பத்து

ஏழாம் நாள். காலையில் எண் நூற்று இருபத்தெட்டு. முந்தின நாளைவிடக் கொஞ்சம் கூட. அதைக் காலையிலேயே டொக்டரிடம் சொன்னேன். பார்த்துக்கொண்டிருப்போம் என்றார்.

பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர் நேரம். அன்று முத்துலெச்சுமி புது ஆள் மாதிரி இருந்தாள். சாப்பிடுவதற்காகக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார வைத்திருந்தேன். ஜெயந்தி ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்திருந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அம்மா வாய் ஓயாமல் பேசுவதைக் கேட்டு அந்தப் பிள்ளைக்கு முகம் மலர்ந்திருந்தது. மெஷின் தலையில் ஓடிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு பத்துக்கு அலாரம். நூற்று ஐம்பத்தாறு.

போய்ப் பார்த்தேன். முத்துலெச்சுமி ரொட்டியை மென்றுகொண்டே பேசிக்கொண்டிருந்தாள். தாடை ஆடுகிறது, பழைய கூடைக் கதைதான் என்று நினைத்தேன். அலாரத்தை நிறுத்தினேன்.

“ஏங்க மிஸ் கத்துது?” என்றாள் ஜெயந்தி.

“உங்கம்மா பேசுற பேச்சு மெஷினுக்கே தாங்கல.”

முத்துலெச்சுமி சிரித்தாள். “கணக்கப்புள்ளயே தாங்கல. இது என்னா தாங்கும்?”

மூன்று பேரும் சிரித்தோம். நான் இரண்டாம் கட்டிலுக்குப் போய்விட்டேன்.

பன்னிரண்டரைக்குத் திரும்பிப் பார்த்தேன். நூற்று அறுபத்தெட்டு. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். தாடை ஆடினால் சிக்னல் உடையும். மெஷின் விட்டுவிட்டுத் தேடும். எண் காணாமல் போகும். அன்று எண் காணாமல் போகவில்லை. படிப்படியாக ஏறியது. சாக்கு இழுக்கிற சத்தமும் உடையவில்லை. முன்பைவிடக் கூர்மையாக, சீறலாக வந்தது. இது எல்லாம் எனக்குத் தெரியும். மூன்றாம் நாளே தெரியும். ஆனால் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டிருந்தாள். பேசுகிறவளுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். போன் மேசையில் இருந்தது. பத்து அடி தூரம்.

ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஜெயந்தி பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றினாள். முத்துலெச்சுமி தோட்டத்துக்குப் புதிதாக வந்த சுப்பர்வைசரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அந்த ஆளு காலயில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல வந்து நின்னுகிட்டு… அந்த ஆளு… அந்த…”

“எந்த ஆளும்மா?” என்று ஜெயந்தி சிரித்தாள். “சொல்லு. என்னா வெளயாட்டு?”

முத்துலெச்சுமி இடது கையை நீட்டிக் கோப்பையை வாங்கினாள். வலது கை போர்வை மேல், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தது. அவள் என்னைப் பார்த்தாள். வாய் திறந்தது. காற்றுத்தான் வந்தது.

நாற்பது நிமிடம். போனை எடுக்கும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

டொக்டர் நிலூகா ஓடிவந்தார். “எப்போதிலிருந்து?”

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். கை விழுந்தது இப்போதுதான், அது பொய்யும் இல்லை.

“பன்னிரண்டு பத்திலிருந்து நூற்றைம்பதுக்கு மேலே. அலாரத்தை நான்தான் நிறுத்தினேன்.”

அவர் எண்ணை ஒரு தடவை பார்த்தார். கட்டிலைச் சமமாக இறக்கச் சொன்னார். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினோம். புதிதாக ரத்தம் கசியவில்லை. காய்ந்துபோன இடமும் இன்னும் தெரியவில்லை. கிளிப் போட்டாகிவிட்டதால் பிரஷரை ஏற்றப் பயமில்லை. மருந்து போட்டு ஏற்றினார்கள். சுருங்கின குழாய்க்குள் ரத்தத்தைத் தள்ளி அனுப்ப அதுதான் வழி.

ஜெயந்தியை வெளியே அனுப்பியிருந்தோம். நான் போனபோது வாசலில் ரொட்டித் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

“அம்மா பேசுமா மிஸ்?”

“தெரியாது” என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

5. ஏற்றினதும் இறக்கினதும்

டிக்கட்டில் நேரத்தோடு எழுதினேன். எண் எப்போது எவ்வளவு, அலாரத்தை யார் நிறுத்தியது, போன் எத்தனை மணிக்கு. சாயங்காலம் சர்ஜன் சேர் வாசித்தார்.

“இதை எழுதச் சொல்லி யாரும் உங்களைக் கேட்கவில்லையே மிஸ்?”

“மெஷினுக்குள் எல்லாம் பதிவாகியிருக்கிறது சேர். நான் எழுதாவிட்டால் இந்த வார்ட்டில் உண்மை சொன்னது அது ஒன்றுதான் என்று ஆகிவிடும்.”

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிந்திய நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. பிரஷர் மருந்தைச் சும்மா ஏற்றி வைக்க முடியாது. இதயத்துக்குப் பாரம், நுரையீரலில் நீர் சேரும். சீக்கிரம் இறக்கினால் மூளை காயும். எப்போது இறக்குவது? முன்பெல்லாம் இதை அனுமானத்தில் செய்தோம். இப்போது மெஷின் இருந்தது. கொஞ்சம் குறைப்போம். ஒரு மணித்தியாலம் எண்ணைப் பார்ப்போம், கையைப் பார்ப்போம். பத்தாம் நாள் குறைத்துப் பார்த்தோம். எண் நூற்று எழுபதிலேயே நின்றது. முத்துலெச்சுமியின் வலது கைப்பிடி தளர்ந்தது. உடனே திரும்ப ஏற்றினோம். அனுமானத்தை நம்பியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்போம். பதின்மூன்றாம் நாள் நூற்று நாற்பது. பிறகு நூற்றுப் பதினெட்டு. பதினைந்தாம் நாள் மருந்து முழுதாக நின்றது.

எண் ஏறினால் அந்த நிமிடமே போன் என்று ஒரு வழக்கம் வைத்தோம். கூடையா குழாயா என்று யோசிப்பது போனை வைத்த பிறகு. டொக்டர் நிலூகாவை ஒரு நாளில் ஏழு தடவை நான் கூப்பிட்டிருக்கிறேன். ஆறு தடவை ஒன்றுமில்லை. ஏழு தடவையும் அந்த அட்டையைப் பார்த்துத் தமிழில் கேட்டார். “ஒங்க பேரு என்னா? இது எந்த எடம்?” அவருடைய தமிழைக் கேட்டு மற்றக் கட்டில்காரர்கள் சிரிப்பார்கள். எட்டு மணிக்கு வேலை முடிந்தாலும் ஒன்பது வரை நின்று எண்ணைப் பார்த்துவிட்டுப் போவார். சாயங்காலங்களில் ஜன்னலுக்கு வெளியே நமுனுகுல மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருக்கும். உள்ளே சாக்கு இழுக்கிற சத்தம். என் வேலைக்காலத்தில் மிகப் பயந்த நாட்கள் அவை. திரும்ப வேண்டும் என்று கேட்டால் அந்த நாட்களைத்தான் கேட்பேன்.

ஆனால் பேச்சு முழுதாக வரவில்லை. கை மெல்ல மெல்ல வந்தது. பேச்சு ஒற்றை ஒற்றைச் சொல்லாக வந்தது. முதலில் ‘தண்ணி’. பிறகு ‘வலி’. பிறகு என்னைப் பார்த்து ‘போ’. இருபத்திரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினபோது இரண்டு சொல்லுக்கு மேல் சேர்த்துச் சொல்ல முடியவில்லை. மூன்றாவது சொல் கிடைக்காமல் கண்ணை மூடிக்கொள்வாள். ஜெயந்தி அவளைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தோட்டத்துப் பொம்பளைகளுக்கு இனி யார் பேசுவார்கள் என்று நினைத்தேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மெஷினும் போய்விட்டது. சொன்ன மாதங்கள் முடிந்ததும் ரமீஸ் வந்து பெட்டியில் கட்டினார். ரிப்பன் வெட்டினவர்கள் யாரும் அன்று வரவில்லை. வந்தபோது திட்டின மாதிரியே போனபோதும் நான் திட்டினேன். பழையபடி திங்கள் முதல் வெள்ளி. அதற்கும் டொக்டர் இல்லை.

6. கிளினிக்

ஐந்து மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. கிளினிக்கில் நர்ஸ் குறைவு என்று என்னை அங்கே போட்டிருந்தார்கள். உள்ளே டொக்டர் நிலூகா. வெளியே நடை முழுக்க ஆட்கள். முத்துலெச்சுமி ஜெயந்தியோடு வந்தாள். தலைமுடி வளர்ந்திருந்தது. கையில் ஒரு பை. பை நிறையப் பேரிக்காய்.

“மிஸ்” என்றாள். “நல்லா… இருக்கீங்களா?” நடுவில் ஒரு சின்னத் தடங்கல்.

“இருக்கேன் தங்கச்சி.”

பையை நீட்டினாள். “நீங்கதான்… காப்பாத்துனீங்கன்னு ஜெயந்தி சொன்னா.”

பையை வாங்கக் கை போனது. வாங்க முடியவில்லை. ஐந்து மாதம் சொல்லாமல் வைத்திருந்ததை அந்த நடையில் நின்றுகொண்டு சொன்னேன். டிக்கட்டில் எழுதின மாதிரியே சொன்னேன். பன்னிரண்டு பத்து. நூற்று ஐம்பத்தாறு. நான் அலாரத்தை நிறுத்தினது. நாம் மூன்று பேரும் சிரித்தது. ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் எடுத்தது, டொக்டர் நிலூகா ஓடிவந்தது.

ஜெயந்தி வாயில் கையை வைத்துக்கொண்டாள். முத்துலெச்சுமி வலது கையைத் தூக்கி என் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். பெருவிரல் முழுதாக மடங்கவில்லை.

“இந்த வெரலு? சட்டைக்குப் பட்டன் போட முடியல. கொழுந்துக்குப் போறதில்ல. இது அந்த நாப்பது நிமிசமா?”

“இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது.”

அவ்வளவுதான். தொடங்கினாள்.

“நாப்பது நிமிசம் என் மண்டைக்குள்ள காஞ்சுகிட்டு கெடக்கு, நீங்க பக்கத்துல நின்னு சிரிச்சீங்களா? மெஷினு கத்துனா அது வாயப் பொத்துறதா? எங்க மலயில கல்லு உருண்டுச்சுன்னா மேல நிக்கிறவ கத்துவா. கத்துறவ வாயப் போயிப் பொத்துவீங்களா? படிச்சவங்கதானே? வெள்ள உடுப்பு போட்டவங்கதானே? அஞ்சு மாசம் இத வயித்துக்குள்ள வச்சிகிட்டு எப்படித் தூங்குனீங்க? கொழுந்துல ஒரு முத்தல் எல கெடந்தா எங்கள அத்தன பேருக்கு முன்னாடி நிக்க வச்சுக் கேள்வி கேக்குறானுங்க. ஒன்னய யாரு நிக்க வச்சுக் கேட்டா?”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்ததை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

“யாரும் கேக்கல” என்றேன்.

“அதான் நான் கேக்குறேன். சொல்லு!”

நடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள். ஜெயந்தி, “அம்மா, அம்மா” என்று முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் சுவரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன சொல்கிறாள் என்பதையும் கேட்டேன், எப்படிச் சொல்கிறாள் என்பதையும் கேட்டேன். வாக்கியம் நீளமாக வந்தது. ஒன்றோடு ஒன்று கோத்து வந்தது. தேடி நின்ற இடம் ஒன்றுகூட இல்லை. வந்தபோது இருந்த தடங்கல் எங்கே போனதென்று தெரியவில்லை.

டொக்டர் நிலூகா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “என்ன சத்தம் மிஸ்?”

“ஆறாம் கட்டில் டொக்டர். பேச்சைப் பரிசோதிக்கிறோம்.”

முத்துலெச்சுமிக்கு மூச்சு வாங்கியது. அப்போதுதான் அவளுக்கும் தெரிந்ததென்று நினைக்கிறேன். ஒரு நொடி நிறுத்தி ஜெயந்தியைப் பார்த்தாள். ஜெயந்தி அழுதுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் நாளில்கூட அழாத பிள்ளை.

பிள்ளைகளே, நான் சொல்ல வேண்டியது சின்ன விஷயம். நோயாளியின் கழுத்தையும் கையையும் பாருங்கள், எந்தப் புத்தகத்திலும் இல்லாதது அதில் இருக்கும். ஆனால் அது தெரிந்துவிட்டது என்பதற்காக அலாரத்தின் வாயைப் பொத்தாதீர்கள். எண் ஏறினால் முதலில் போன். தவறு செய்தால் டிக்கட்டில் எழுதுவது பாதி வேலை. உரிய ஆளின் முகத்துக்கு நேரே சொல்லும்வரை மற்றப் பாதி பாக்கி. அவர்கள் திட்டுவார்கள். நின்று கேளுங்கள்.

டிக்கட்டை எடுத்து எழுதினேன்: வலது பெருவிரலில் பலக்குறைவு நீடிக்கிறது. பேச்சு சரளம்.

முத்துலெச்சுமி பேரிக்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு டொக்டரின் அறைக்குள் போனாள். வெளியே வந்தபோது பை இல்லை. என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு தடவை நின்றாள்.

“அந்தப் பொண்ணுக்குக் குடுத்துட்டேன். அதுதான் ஓடிவந்துச்சாம்.”

பேசிக்கொண்டே படியிறங்கிப் போனாள். கீழே பஸ் தரிப்பு வரைக்கும் அந்தக் குரல் கேட்டது.